கித்தாக்காட்டில் கிராவல் சைக்கிள்

டஸ்கனிக்குப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். காசிருந்தால் தாராளமாகப் போய் வாருங்கள். சியன்னா நகரைச் சுற்றியிருக்கும் வெள்ளை மண் சடக்குகளில் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே ஆட்கள் விமானம் ஏறிப் போகிறார்கள். 1997இல் அங்கே ‘லெரோய்கா’ என்ற பெயரில் பழைய காலத்துச் சைக்கிள்களை வைத்து ஒரு சவாரி தொடங்கினார்கள். 2007இல் தொழில்முறை வீரர்களுக்கும் பந்தயம் வைத்தார்கள். இன்று ‘ஸ்த்ராதே பியாங்கே’ என்றால் சைக்கிள் பிரியர்கள் எழுந்து உட்காருவார்கள். கிராவல் சைக்கிளுக்கான முதல் உலகச் சாம்பியன் போட்டியும் 2022இல் இத்தாலியில்தான், விச்சென்சாவிலிருந்து சித்தடெல்லாவரை நடந்தது. எல்லாம் சரி. ஆனால் நீங்கள் மலேசியத் தமிழர், வீட்டில் ஒரு சைக்கிளும் இருக்கிறது, பத்து காஜாவைச் சுற்றியுள்ள தோட்டத்துச் சடக்குகளில் இன்னும் ஒருமுறைகூட ஓட்டிப் பார்த்ததில்லை என்றால், உங்களை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

கிராவல் சைக்கிள் என்பது பெரிய மர்மமில்லை. பந்தயச் சைக்கிளைப் போலவே வளைந்த கைப்பிடி. டயர் மட்டும் தடிமன். நாற்பது, நாற்பத்தைந்து மில்லிமீட்டர். டிஸ்க் பிரேக் இருக்கும். மேடேறுவதற்கு இலகுவான கியர் இருக்கும். தார்ச் சடக்கிலும் ஓடும், மண்ணிலும் ஓடும். ஈப்போவைச் சுற்றி இரண்டும் மாறி மாறி வருவதால் இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது. மலைச் சைக்கிள் வைத்திருப்பவர் தாரில் மூச்சு வாங்குவார். பந்தயச் சைக்கிள்காரர் மண்ணைக் கண்டதும் இறங்கித் தூக்குவார். நான் மட்டும் சிரித்துக்கொண்டே போவேன். இந்தக் கர்வத்துக்காகவே இன்னொரு சைக்கிள் வாங்கலாம்.

என் சவாரிகள் பெரும்பாலும் ஈப்போவின் புந்தோங்கில்தான் தொடங்கும். பேராக்கில் ஏழு மணி தாண்டித்தான் வெளுக்கும், அதற்குமுன் சட்டைப்பையை நிரப்பிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் பிளாஸ்டிக் உறையில் அடைத்த ஏதோ பசையை உறிஞ்சுகிறார்களே, அதெல்லாம் நமக்கெதற்கு? புந்தோங்கின் கச்சான் பூத்தே இருக்கிறது. முறுக்கு, காராபூந்தி, மசாலாக் கடலை என்று தமிழ்க் குடும்பங்கள் தலைமுறையாகச் செய்து நாடு முழுக்க அனுப்பும் சரக்கு. உப்பும் இருக்கிறது, மாவும் இருக்கிறது, வியர்த்து ஊற்றும் உடம்புக்கு வேறென்ன வேண்டும்?

மெங்லெம்பு, லாஹாட் வழியாகத் தெற்கே இறங்கினால் வலப்பக்கம் கிளேடாங் மலை கூடவே வரும். இடப்பக்கம் தூரத்தில் சுண்ணாம்புக் குன்றுகள். தரைமட்டத்திலிருந்து நட்டக்குத்தலாக எழும்பி, உச்சியில் மட்டும் காடு வைத்துக்கொண்டு நிற்கும் குன்றுகள் அவை. கிந்தாப் பள்ளத்தாக்கு 2018இல் மலேசியாவின் தேசியப் புவிப்பூங்காக்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டதே இந்தக் குன்றுகளுக்காகவும், அவற்றின் குகைகளுக்காகவும், கீழே கிடந்த ஈயத்துக்காகவும்தான். கல்லுமலைக் கோயிலுக்குத் தைப்பூசத்தில் காவடி எடுத்துப் போனவர்களுக்கு இந்தக் கல் பழக்கப்பட்டதுதான். காரில் நெடுஞ்சாலையில் போகும்போது இவை வெறும் பின்னணிப் படம். சைக்கிளில் போனால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு குன்று இன்னொன்றின் பின்னால் மறையும், மூன்றாவது வெளியே வரும். பேசாமல் இறங்கி நின்று வாய் பிளந்து பார்த்துவிட்டு மறுபடி ஏறுவேன். கூட வருபவர்கள் திட்டுவார்கள். திட்டட்டும்.

பாப்பானில் கட்டாயம் நிற்க வேண்டும். பாதி வீடுகளை ஆலமர வேர்கள் விழுங்கிவிட்ட ஒற்றைத் தெரு. அதில் 74ஆம் எண் வீடுதான் சிபில் காத்திகேசு மருந்து கொடுத்த வீடு. இலங்கைத் தமிழரான டாக்டர் காத்திகேசுவின் மனைவி, தாதி. ஜப்பானியர் காலத்தில் காட்டிலிருந்த கெரில்லாக்களுக்கு ரகசியமாக மருத்துவம் பார்த்தார், ஒளித்து வைத்த ரேடியோவில் செய்தி கேட்டார், 1943இல் பிடிபட்டார், சித்திரவதைப்பட்டார், யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஜார்ஜ் பதக்கம் பெற்றவர், 1948இல் மறைந்தார். இரவில் காட்டு ஆட்கள் அந்த வீட்டின் பின்வாசலுக்கு எந்த வழியாக வந்திருப்பார்கள் என்று, தெருவுக்குப் பின்னாலிருக்கும் மண் தடங்களில் உருளும்போது யோசிக்காமல் இருக்க முடியாது.

பாப்பானைத் தாண்டியதும் மண்ணின் நிறம் மாறுகிறது. செம்மண் போய் வெள்ளை மணல். ஈயச் சுரங்கங்களான லம்பங்கள் துப்பிவிட்டுப் போன மணல் இது. ஒரு காலத்தில் உலகத்திலேயே மிகச் செழிப்பான ஈயவயல் கிந்தாதான். சீன முதலாளிகளின் லம்பங்களில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, பம்பால் மேலேற்றி, நீண்ட மரத்தொட்டியில் ஓடவிடுவார்கள். கனமான ஈயம் அடியில் தங்கும், மணலும் கூழாங்கல்லும் வெளியே கொட்டும். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது, லம்பங்கள் மூடிக்கொண்டன, குழிகளில் மழைநீர் நிறைந்தது. இன்று குட்டைக்குக் குட்டை நடுவில் மணல் வரப்புகள். அவற்றின்மேல் ஓட்டுவது தனிக் கலை. முன்சக்கரம் புதையப் பார்க்கும். பிரேக்கைத் தொட்டீர்களோ போச்சு. இலகுவான கியருக்கு மாற்றி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, கைப்பிடியை இறுக்காமல் பிடித்து, மிதிப்பதை நிறுத்தாமல் போக வேண்டும். சைக்கிள் தானாகவே வழி தேடிக்கொள்ளும். ஊதாக் கொக்குகள் நாணலில் நிற்கும். சத்தமில்லாமல் வருபவனைப் பார்த்துக் குழம்பிப் போய்க் கடைசி நொடியில்தான் பறக்கும். காற்று இல்லாத காலையில் சுண்ணாம்புக் குன்றுகள் குட்டையில் தலைகீழாக நிற்கும். டஸ்கனியின் வெள்ளைச் சடக்கு இதற்கு முன்னால் எம்மாத்திரம்!

தெற்கே தஞ்சோங் துவாலாங் போகும் வழியில் டிடி5 நிற்கிறது. 1938இல் கட்டிய, ஏறத்தாழ 4,500 டன் எடையுள்ள, ஈயமண் வாரும் மிதவைக் கப்பல். ஆறில்லை, கடலில்லை, தான் தோண்டிய குட்டையிலேயே மிதந்து, முன்னால் தோண்டிப் பின்னால் கொட்டிக்கொண்டே நிலத்தின்மேல் நகர்ந்திருக்கிறது. 1982வரை வேலை பார்த்தது. தட்டையான செம்பனைக்காட்டுக்கு நடுவே, மரங்களின் தலைக்கு மேலாக ஒரு துருப்பிடித்த மாடிக்கட்டடம் தெரியும் பாருங்கள், சிறுபிள்ளைபோல் மணி அடித்துக்கொண்டே போவேன்.

அங்கிருந்து கிந்தா ஆற்றை விடாமல் பிடித்துக்கொண்டு, அது பேராக் ஆற்றில் கலக்கும் பக்கம்வரை மண் தடத்திலேயே போய்விட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. செயற்கைக்கோள் படத்தை உருட்டி உருட்டி வழி தேடிக்கொண்டிருக்கிறேன். இன்னும் கொஞ்சம் இறங்கினால் தெலுக் இந்தான். இத்தாலிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு அங்கே சாய்ந்த கோபுரம்கூட உண்டு, 1885இல் கட்டியது.

இப்போது கெல்லி கோட்டை. பத்து காஜாவிலிருந்து கோப்பெங் போகும் வழியில், ராயா ஆற்றோரம். சுற்றுலாப் பயணிகள் பேருந்தில் வந்து பேய்க்கதை கேட்டுவிட்டுப் போவார்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர், தோட்டத்துரை, 1915வாக்கில் இந்த மாளிகையைக் கட்டத் தொடங்கினார். செங்கல் இந்தியாவிலிருந்து, கொத்தனார்களும் மதராஸ் பக்கமிருந்து. நடுவில் விஷக்காய்ச்சல் வந்து வேலையாட்கள் பலர் செத்தார்கள். மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று ஆட்கள் கேட்டார்கள், துரை கட்டிக்கொடுத்தார். 1926இல் அவர் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்துபோக, மாளிகை அரைகுறையாக நின்றுவிட்டது. கோயில் அப்படி நின்றுவிடவில்லை, இன்றும் பூசை நடக்கிறது. சைக்கிளில் வந்தால் மாளிகையைவிட முதலில் கோயிலுக்குத்தான் போக வேண்டும் என்பது என் கட்சி. கூரைமேல் சாமி சிலைகளுக்கு நடுவே வெள்ளை உடையும் தொப்பியுமாக ஒரு துரை நிற்பார். அவர்தான் கெல்லி என்கிறார்கள். காவல் தெய்வங்களின் வரிசையில் தோட்டத்துரையையும் ஏற்றி வைத்த அந்தச் சிற்பிகளின் நகைச்சுவையா, நன்றியா, எச்சரிக்கையா என்று ஒவ்வொரு முறையும் ஒரு முடிவுக்கு வருவேன். அடுத்த முறை அதை மாற்றிக்கொள்வேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது மணலுமல்ல, மாளிகையுமல்ல. தோட்டத்துச் சடக்கு.

தோட்டத்துச் சடக்கை யாரும் சைக்கிள்காரனுக்காகப் போடவில்லை. அப்போது ரப்பர் பாலேற்றவும், இப்போது செம்பனைக் குலை ஏற்றவும் லோரி போக வேண்டும். மழையில் நின்றுவிடக் கூடாது. அதனால் உருண்டை உருண்டையாக இறுகிய செம்பாறை மண்ணைக் கொட்டி, இரண்டு பக்கமும் கானு வெட்டி, நடுவைக் கொஞ்சம் உயர்த்தி வைத்திருப்பார்கள். வெயில் பட்டால் கெட்டியாகிவிடும். மழை பெய்தால் தண்ணீர் ஓரமாக வடிந்துவிடும். குன்று வந்தால் நேராக ஏறாமல், சரிவைச் சுற்றிச் சுற்றிப் படிமேடை வெட்டிப் போட்டிருப்பார்கள். கிராவல் சைக்கிளுக்கு இதைவிட ஏற்ற சடக்கை யாராவது வரைந்து கொடுத்தாலும் கிடைக்காது. நாற்பது மில்லிமீட்டர் டயர் இந்த மண்ணில் எழுப்பும் கரகரச் சத்தம் இருக்கிறதே, அதை ரிக்கார்டு பண்ணி வைத்துத் தூக்கம் வராத இரவில் கேட்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

தோட்டங்களில் பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது என்பது உண்மை. செம்பனைக்குள் ஓட்டுவதும் எனக்குப் பிடிக்கும். ஒரே அளவு நிழல், எலி பிடிக்க ஆந்தைகளுக்குக் கம்பத்தில் கட்டிவைத்த மரப்பெட்டிகள், கழித்துப்போட்ட மட்டைகளின் அடுக்கு. ஆனால் திடீரென்று ஒரு வளைவுக்குப் பின் கித்தாக்காடு, அதாவது ரப்பர் தோட்டம், தொடங்கும். காற்றே மாறும். சில்லென்று ஒரு ஈரம், லேசான புளிச்ச வாடை. இரண்டு பக்கமும் நிரை நிரையாகப் பால்மரங்கள். ஓட்டத்தில் பார்த்தால் நிரைகள் விசிறியாக விரிந்து மூடும். மரத்துக்கு மரம் சரிந்த வெட்டு, கீழே மங்கு, மங்கில் சொட்டும் வெள்ளைப் பால். விடியுமுன்னே வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால், நான் போய்ச் சேரும் நேரத்தில் வெட்டி முடித்தவர்கள் மோட்டரை நிறுத்திவிட்டுக் கோப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். இப்போது வெட்டுபவர்களில் தமிழர்கள் குறைவு. சிறுதோட்டம் வைத்திருக்கும் ஒரு பாட்டி என்னை நிறுத்தி, தலைக்கவசத்திலிருந்து சப்பாத்துவரை பார்த்தார்.

“ஏன் தம்பி, மோட்டர் இல்லையா?”

“இருக்கு பாட்டி. இது உடம்புக்கு நல்லது.”

“முப்பது வருசம் இதே மேட்டுல நான் மிதிச்சேன், ரெண்டு பக்கமும் பால்வாளிய மாட்டிக்கிட்டு. ஒரு நல்லதையும் காணோம்.”

சொல்லிவிட்டுப் பசியாறச் சொன்னார். தட்டில் வைத்தது மரவள்ளிக்கிழங்கும் சம்பலும். எந்த இத்தாலியச் சத்திரத்திலும் அந்த ருசி வராது என்று இங்கே உட்கார்ந்து சத்தியம் செய்கிறேன்.

அவர் வீட்டு வாசலில்தான் எனக்கு இன்னொன்று உறைத்தது. என் டயரில் டியூப் கிடையாது. உள்ளே ஒரு வெள்ளைத் திரவம் ஊற்றியிருக்கிறது. முள் குத்தினால் ஓட்டை வழியாக அது கசிந்து, காற்றுப்பட்டு உறைந்து அடைத்துக்கொள்ளும். அன்று அவர் வீட்டு வேலியின் முள் குத்தி, ‘புஸ்’ என்று கொஞ்சம் பீய்ச்சியது. பாட்டி குனிந்து மோந்து பார்த்து, “இது பாலு. அமோனியா தண்ணி கலந்த பாலு” என்றார். சரிதான். இந்த அடைப்புத் திரவங்கள் பலவற்றில் இருப்பது இயற்கை ரப்பர் பாலேதான்; உறையாமல் இருக்க அமோனியா சேர்ப்பார்கள், பால்கொட்டகையில் சேர்ப்பதுபோலவே. வெளிநாட்டு முத்திரை குத்திய சின்னப் புட்டிக்கு நான் கொடுத்த விலையைப் பாட்டியிடம் சொல்லவில்லை.

யோசித்தால் இந்தச் சைக்கிளும் இந்தத் தோட்டமும் சொந்தக்காரர்கள். 1888இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் என்ற மாட்டு வைத்தியர், மகனின் மூன்றுசக்கர வண்டிக்காகச் செய்த காற்றடைத்த ரப்பர் டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அதே 1888இல் சிங்கப்பூர் தாவரப் பூங்காவுக்கு ரிட்லி வந்து சேர்ந்தார். மரம் சாகாமல் பால் வெட்டும் முறையை வகுத்தவர், பார்க்கிற தோட்டக்காரர்களின் பையிலெல்லாம் ரப்பர் விதையைத் திணித்துப் பைத்தியக்காரன் என்று பெயர் வாங்கியவர். 1890களில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சைக்கிள் வெறி பிடித்து அலைந்தன. மோட்டார் கார் பெருகுவதற்கு முன்பே ரப்பருக்குக் கிராக்கி ஏற்றிவிட்டது சைக்கிள் டயர்தான். கார் வந்ததும் விலை எங்கேயோ போனது, மலாயாவின் காடுகள் கித்தாவாயின, கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் சேர்த்தார்கள். என் முப்பாட்டன் கப்பலேறியது யாரோ ஒரு வெள்ளைக்காரன் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் உலாப்போனதால் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனாலும் சொல்வேன்.

அந்த மரத்தின் ஆதியைப் பார்க்க வடக்கே போக வேண்டும். ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் பக்கம் தோட்டங்களுக்குள் புகுந்து போகலாம். 1948 ஜூன் 16ஆம் தேதி இங்கே ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து வந்த அவசரகாலம் 1960இல்தான் முடிந்தது. துன் சம்பந்தனின் ஊரும் இதுதான். துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கப்பலேறிய காலத்தில், தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கிவிடலாம் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். அதன்பிறகு காராய். பேராக் ஆற்றுக்குக் குறுக்கே 1900இல் திறந்த விக்டோரியா ரயில் பாலம். ரயில் இப்போது பக்கத்துப் புதுப் பாலத்தில் ஓடுகிறது, பழையதன் ஓரத்து நடைபாதையில் நாம் போகலாம். கீழே ஆறு மண் நிறத்தில் அகலமாக ஓடும், இரும்புச் சட்டங்களின் நிழல் கைப்பிடியில் வரிவரியாக விழுந்து மறையும். பேராக்கில் ஒரே ஒரு இடத்தில்தான் சைக்கிள் ஓட்டலாம் என்று யாராவது சட்டம் போட்டால், இதைத்தான் கேட்பேன்.

பாலம் தாண்டிக் கோலகங்சார். மாவட்ட அலுவலகத்தின் பக்கத்தில், வேலிக்குள் ஒரு கிழட்டு ரப்பர் மரம். பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டம் போய், இலங்கை வழியாகச் சிங்கப்பூர் வந்த 22 கன்றுகளில் ஒன்பது 1877இல் கோலகங்சாருக்கு வந்தன. அவற்றில் மிஞ்சியது இது என்கிறது பலகை. சைக்கிளை அந்த வேலியில் சாய்த்து, டயர் மரத்தைத் தொடுவதுபோலப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். பார்த்தவர்கள் யாருக்கும் அதில் என்ன இருக்கிறதென்று புரியவில்லை.

ஏற்றம் பிடித்தவர்கள் கோப்பெங்குக்குக் கிழக்கே போங்கள். டுரியான் தோப்புகளும் செமாய் மக்களின் ஊர்களும் தித்திவாங்சா மலையடிவாரமும். தொடை எரியும், ஆற்றில் குளிக்கலாம். வேறு சொல்ல எனக்குத் தெரியவில்லை, நான் பள்ளத்தாக்குக்காரன்.

வருபவர்களுக்குச் சில வார்த்தை. பெரும்பாலான தோட்டங்கள் தனியார் நிலம். காவல் கொட்டகையில் இறங்கி, கண்ணாடியைக் கழற்றி, “அண்ணே, அந்தப் பக்கம் போயிடலாமா?” என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள், வாக்குவாதம் வேண்டாம். நாய்கள் துரத்தினால் வேகத்தைக் கூட்டாமல் இறங்கிச் சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். செம்பனை மட்டை முள் எந்தத் திரவத்தையும் ஏமாற்றும், ஒரு உதிரி டியூப் அவசியம். டயரில் காற்று குறைவாக இருக்கட்டும். அறுபத்தைந்து கிலோ ஆளுக்கு முப்பது பிஎஸ்ஐ போதும். குலை லோரி வரும் சத்தம் கேட்டால் கானுப் பக்கம் ஒதுங்கிவிடுங்கள். மத்தியானம் இரண்டுக்குமேல் வானம் கறுக்கத் தொடங்கினால் வீடு திரும்புங்கள். நனைந்த செம்மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டால் சைக்கிளைத் தோளில்தான் தூக்க வேண்டும்.

எப்போது வருவது? பிப்ரவரி, மார்ச். கித்தா மரம் இலை கொட்டும் மாதங்கள். இலைகள் ஆரஞ்சாகி, சிவந்து, மொத்தமாகக் கொட்டிச் சடக்கை மூடிவிடும். தலைக்குமேல் மொட்டைக் கிளை, அடியில் மொறுமொறுவென்று ஒரு பாய். இலையுதிர்காலம் பார்க்க ஐரோப்பாவுக்குப் பணம் கட்டுகிறவர்கள் இதை ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம். சைக்கிள் விலையைக் கேட்டுப் பயப்படாதீர்கள். தடித்த டயர் போட முடிந்தால் பழைய சைக்கிளே போதும். வெள்ளன ஆறரைக்குப் புந்தோங்குக்கு வந்துவிடுங்கள். கச்சான் பூத்தே என் செலவு. பஞ்சர் உங்கள் செலவு.